எழுதுவோர் வாசித்த பொழுது

எழுத்தையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்த தமிழாசிரியர் இலங்கையிலே மிகச் சிலரே. கச்சேரியிலும் நீதிமன்றத்திலும் பாடசாலையிலும் பகற்பொழுதைக் கொடுத்துவிட்டு, எஞ்சிய நேரத்தில் ஏட்டைக் கையில் எடுத்தவர்களே இந்நாட்டின் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பெரும்பாலும் ஆக்கினார்கள். ஆகவே, எழுதும் ஒருவர் தமக்குக் கிடைத்த சிறுபொழுதில் எதனை வாசித்தார், எவ்வாறு வாசித்தார் என்பது அவருடைய சொந்த விஷயம் மாத்திரமன்று. அவர் இறுதியில் என்ன எழுதினார் என்பதையும் அதுவே தீர்மானித்தது.

கொழும்புக் கோட்டையிலிருந்து கல்கிசைக்குக் கடலோரமாகச் செல்லும் புகைவண்டியிலே மாலைவேளையில் ஏறுவோர், கந்தோர் முடிந்து வீடு திரும்பும் கூட்டத்தினிடையே நூல் ஒன்றை விரித்துப் பிடித்தபடி நிற்கும் ஒருவரையேனும் இன்றும் காணலாம். கொள்ளுப்பிட்டி வருமுன் இரண்டு பக்கம். வெள்ளவத்தை வருமுன் ஐந்து பக்கம். தெஹிவளையில் ஓர் இருக்கை கிடைத்தால் மேலும் ஒன்று. இந்த ஐந்தாறு பக்கத்தால் ஒருவன் எழுத்தாளனாகிவிடுவானா என்று நகைப்போரும் உளர். அவர்களுக்கு விடையாக அமையக்கூடிய சில வாழ்க்கைகள் இந்த நகரத்தோடும் இந்த நாட்டோடும் தொடர்புடையன.

சைமன் காசிச்செட்டி 1807ஆம் ஆண்டிலே கற்பிட்டியிற் பிறந்தார். புத்தளப் பகுதியில் அரசாங்க உத்தியோகத்திற் புகுந்து, மணியகாரராகி, சட்டநிரூபண சபையிலே தமிழர் பிரதிநிதியாக அமர்ந்து, பின்னர் சிலாபத்திலே நீதிபதியாகவும் இருந்தவர். அவர் வாழ்ந்த ஊர்களிலே நூல்நிலையம் என்று சொல்லத்தக்க ஒன்றும் இருந்ததில்லை. கைக்கு வந்த ஏட்டுச்சுவடி, கப்பல் வழி வந்த ஆங்கில நூல், ஊர் முதியவர் வாய்மொழி என்பனவே அவருக்குக் கிடைத்த நூல்நிலையம். ஆயினும் 27 வயதிலே, 1834ஆம் ஆண்டில், இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் மக்களையும் அகரவரிசைப்படுத்திக் கூறும் ஒரு பெருநூலை ஆங்கிலத்தில் அவர் வெளியிட்டார். 1859ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்தில் அச்சாகிய 'தமிழ் புளூட்டாக்' என்னும் அவருடைய ஆங்கில நூல், தென்னாட்டிலும் ஈழத்திலும் வாழ்ந்த இருநூறு புலவர் வரையிலானவர்களின் வரலாற்றை ஒருங்கு தொகுத்துக் கூறுகின்றது. அடுத்த ஆண்டிலே அவர் காலமானார்.

இந்நூல்களைப் பார்ப்பவர்களுக்கு அவர் வாசித்த முறை ஒருவாறு புலப்படும். வாசித்ததை அவர் பதிவாக்கினார்; பதிவை உரிய எழுத்தின் கீழ் வைத்தார். வேலையிடையே கால்மணி நேரம் வாய்த்தவனுக்கு இதைவிட ஏற்ற முறை வேறில்லை. நீண்ட கட்டுரை ஒன்றை இடையிலே நிறுத்தினால் இழை அறுந்துபோகும். ஒரு புலவரைப் பற்றிய குறிப்பை எழுதி முடித்துவிட்டு நீதிமன்றத்துக்குச் செல்வது இயலும். இம்முறையின் குறையும் அந்நூலிலேயே காணப்படுகின்றது. கர்ணபரம்பரைக் கதைகளும் ஆராய்ந்தறிந்த செய்திகளும் அங்கே அடுத்தடுத்து ஒரே நிரையில் நிற்கின்றன. ஒரு புலவர் காலத்தை மற்றொருவர் காலத்தோடு ஒப்பிட்டு நோக்கும் பொறுமை பல இடங்களில் இல்லை. எனினும், பின்வந்த இலக்கிய வரலாற்றாசிரியர் அனைவரும் முதலிலே கைவைத்தது அந்தத் தொகுதியின்மீதுதான்.

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையின் வாசிப்பு வேறு வகையானது. 1832ஆம் ஆண்டிலே பிறந்து, வட்டுக்கோட்டைச் செமினரியிலே பயின்று, 1857ஆம் ஆண்டிலே சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகி, கும்பகோணத்தில் வழக்கறிஞராகவும் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தவர் அவர். தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885இலும் கலித்தொகை 1887இலும் அவர் கையால் அச்சேறின. வழக்கு ஏடுகளைப் பகலிற் படித்த கண்களே இரவிலே பனையேடுகளையும் படித்தன. தொட்ட இடத்தில் ஓரம் உதிர்ந்துபோகும் சுவடிகளின் நிலையைத் தம் பதிப்புரையிலே அவர் வருந்தி எழுதினார். ஏடு ஒவ்வோராண்டும் அழிந்துகொண்டே இருந்தபடியால், வாசிப்பை நாளைக்கு ஒத்திவைக்கும் உரிமை அவருக்கு இல்லை. விருப்பத்துக்கு வாசிப்பவன் காத்திருக்கலாம். சாட்சி மரணப்படுக்கையில் இருக்கிறான் என்று அறிந்த நியாயவாதி காத்திருக்க மாட்டான்.

இவ்விருவர் காலத்திலும் கொழும்பிலே பொதுமக்கள் அமர்ந்து வாசிக்கும் வாய்ப்பு மெல்ல மெல்லவே பெருகிற்று. 1870ஆம் ஆண்டிலே அரசாங்கக் கீழைத்தேய நூல்நிலையம் தோன்றியது. 1877ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அரும்பொருட்காட்சிச்சாலையோடு அது இணைந்தது. 1885ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இத்தீவில் அச்சாகும் நூல்களின் பிரதிகள் அங்கே சேரத் தொடங்கின. நகரசபையின் பொது நூல்நிலையம் 1925ஆம் ஆண்டிலே அமைந்தது. 1897ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே சுவாமி விவேகானந்தர் கொழும்பில் இறங்கிய நிகழ்ச்சியின் நினைவாக 1902இல் உருவாகிய விவேகானந்த சபை, கொட்டாஞ்சேனையிலே அவர் பெயராலேயே வழங்கும் மேட்டிலே இருக்கின்றது. வெள்ளவத்தையிலே இராமகிருஷ்ண மிஷன் நிலையம் எழுந்தது. இந்த இரண்டு இடங்களும் இனிக் கூறப்போகும் பெரியாரின் பெயரை இன்றும் நினைவில் வைத்திருப்பன.

காரைதீவு மயில்வாகனன் 1892ஆம் ஆண்டிலே பிறந்தார். மட்டக்களப்பிலே படித்து, ஆசிரியப் பயிற்சிக்காகக் கொழும்புக்கு வந்தார். வந்தவர் தம் பயிற்சிப் பாடத்தோடு நிற்கவில்லை. ஓய்வுவேளையிலே தென்கோவைக் கந்தையபிள்ளையை நாடிச் சென்று தமிழிலக்கியம் கற்றார். பின்னர் கொழும்பு அரசினர் தொழினுட்பக் கல்லூரியிலே விஞ்ஞானம் படித்து 1916ஆம் ஆண்டிலே அதற்குரிய தகுதிப்பத்திரம் பெற்றார். அதே காலத்திலே மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் தேறினார். 1920ஆம் ஆண்டிலே இலண்டன் சர்வகலாசாலையின் விஞ்ஞானப் பட்டமும் கிடைத்தது. ஒரு கையிலே இரசாயன நூலும் மறு கையிலே நச்சினார்க்கினியர் உரையுமாக இருக்கும் இளைஞனை அக்காலத்து ஆசிரியர் எவரும் கண்டித்திருப்பர். இரண்டு தோணியிலே கால்வைக்காதே என்பதே எந்நாளும் வழங்கும் அறிவுரை. அந்த இரண்டு தோணியும் ஒரே துறைக்குச் செல்லும் என்பது அன்று எவருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

1924ஆம் ஆண்டிலே துறவு பூண்டு விபுலாநந்தர் ஆனார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச்சங்க விழாவிலே நாடகத்தைப் பற்றி அவர் நிகழ்த்திய சொற்பொழிவு, சங்கத்தின் இதழிலே கட்டுரையாகி, 1926ஆம் ஆண்டிலே 'மதங்க சூளாமணி' என்ற நூலாயிற்று. ஷேக்ஸ்பியரைச் செகசிற்பியார் என்று தமிழாக்கி, அவருடைய பன்னிரண்டு நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு பொருத்திக் காட்டும் நூல் அது. இதிலே கவனிக்கத்தக்கது நூலின் பொருளைக் காட்டிலும் அது வளர்ந்த விதமே. முதலில் பேச்சு, பிறகு கட்டுரை, பிறகு நூல். வாசித்ததை வாசித்த சூட்டோடு ஒரு வடிவத்திலே நிறுத்திவிட்டு, அந்த வடிவத்தை மீண்டும் வாசித்துத் திருத்தும் வழக்கம் அவருக்கு அப்போதே அமைந்துவிட்டது. கற்றோரிற் பலர் வாசித்துக்கொண்டே இருந்து ஒன்றும் எழுதாது மறைந்ததற்குக் காரணம், எல்லாவற்றையும் வாசித்து முடித்த பின்பே எழுத வேண்டும் என்று அவர்கள் எண்ணியமைதான். முடிந்த வாசிப்பு என்று உலகில் ஒன்றுமில்லை.

அடுத்த இருபது ஆண்டுகளில் அவருக்கு வாய்த்த பொழுதைக் கணக்கிட்டுப் பார்த்தால் திகைப்பே உண்டாகும். 1925 முதல் கிழக்கு மாகாணத்திலும் யாழ்ப்பாணத்திலும் மிஷன் பாடசாலைகளின் பொறுப்பு. 1931 முதல் 1933 வரை அண்ணாமலைச் சர்வகலாசாலையின் முதல் தமிழ்ப் பேராசிரியர் பதவி. 1936ஆம் ஆண்டிலே சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டின் தலைமை. 1939 முதல் சில ஆண்டுகள் இமயமலையிலே மாயாவதி ஆச்சிரமத்தில் 'பிரபுத்த பாரத' என்னும் ஆங்கிலத் திங்களிதழின் ஆசிரியர் பணி. 1943 முதல் கொழும்பிலே இலங்கைச் சர்வகலாசாலையின் முதல் தமிழ்ப் பேராசிரியர் பதவி. ஊரும் மாறியது, தொழிலும் மாறியது, மொழியும் மாறியது. இவற்றினிடையே மாறாதிருந்தது ஒன்றுதான். அது சிலப்பதிகார அரங்கேற்று காதையிலே யாழாசிரியனின் அமைதியைக் கூறும் 25 அடிகள்.

அந்த அடிகளைத் தமிழ் கற்றோர் அனைவரும் வாசித்திருந்தார்கள். 1892ஆம் ஆண்டிலே, மயில்வாகனன் பிறந்த அதே ஆண்டிலே, உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அரும்பதவுரையோடும் அடியார்க்குநல்லார் உரையோடும் அச்சிட்டு உதவினார். வாசித்தவர்கள் உரையைப் பார்த்தார்கள். உரையிலே குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு நரம்புகளும் அவற்றுக்குரிய அலகுகளும் கூறப்பட்டிருக்கக் கண்டார்கள். பொருள் தெளிவாகாத இடத்திலே, இசை நூல்கள் இறந்துபட்டன என்று பெருமூச்செறிந்து அடுத்த அடிக்குச் சென்றார்கள். அடியார்க்குநல்லாரே, இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதியம், மதிவாணர் நாடகத்தமிழ் என்று ஐந்து நூல்களின் பெயரைச் சொல்லி வைத்திருந்தார். அந்த ஐந்தும் இல்லாதபோது என்ன செய்வது?

விபுலாநந்தர் அடுத்த அடிக்குச் செல்லாமல் அங்கேயே நின்றார். குரலுக்கு 4, துத்தத்துக்கு 4, கைக்கிளைக்கு 3, உழைக்கு 2, இளிக்கு 4, விளரிக்கு 3, தாரத்துக்கு 2 என்னும் அலகுகளைக் கூட்டினால் 22 வருகின்றது. இலக்கியப் புலவனுக்கு இது மனப்பாடம் செய்யவேண்டிய ஓர் அட்டவணை. பௌதிக சாத்திரம் படித்தவனுக்கோ இது ஒரு கணக்கு. ஒரு நரம்பைச் சரிபாதியாக்கி மீட்டினால் அதே ஒலி மேல் மண்டிலத்திலே கேட்கும். மூன்றில் இரண்டு பங்காக்கி மீட்டினால் குரலிலிருந்து ஐந்தாம் நரம்பாகிய இளி கேட்கும். இளியைக் குரலாகக் கொண்டு அதற்கு மீண்டும் இளி காண, அதற்கும் இளி காண, ஒன்றன்பின் ஒன்றாக நரம்புகள் பிறந்துகொண்டே வரும். பன்னிரண்டு முறை இவ்வாறு சென்றால் ஏழு மண்டிலம் கடந்து புறப்பட்ட இடத்துக்கே திரும்பவேண்டும். ஆனால் கணக்கிலே 128 மடங்கு வரவேண்டிய இடத்தில் ஏறத்தாழ 129.7 மடங்கு வருகின்றது. வட்டம் சற்றே மூடாமல் நிற்கின்றது. கிரேக்கரையும் வருத்திய இந்தச் சிறு மிகுதி எங்கே சென்று ஒளிகின்றது, பண்டைத் தமிழர் தம் அலகுகளை எவ்வாறு பகிர்ந்தார்கள் என்ற வினாக்களை, உரையை மாத்திரம் வாசிப்பவன் கேட்கவே மாட்டான். கொழும்பிலே பெற்ற விஞ்ஞானப் பயிற்சி அடிகளை அவ்வாறு கேட்கச் செய்தது.

வினா ஒன்று கையில் இருப்பவனுக்கு வாசிப்புப் பொழுது சுருங்குவதில்லை. எங்கு சென்றாலும் அது அவனோடு வருகின்றது. தேவாரப் பதிகங்களின் பண்களை அடிகள் அந்த வினாவோடு ஆராய்ந்தார். புதுக்கோட்டைக்கு அண்மையிலுள்ள குடுமியாமலையிலே பாறையில் வெட்டப்பட்டிருக்கும் இசைக் கல்வெட்டை ஆராய்ந்தார். வடமொழி இசைநூல்களைப் பார்த்தார். தஞ்சாவூரிலே வைத்தியத் தொழில் செய்துகொண்டே இசை ஆராய்ச்சியில் வாழ்நாளைச் செலவிட்ட ஆபிரகாம் பண்டிதர் 1917ஆம் ஆண்டிலே வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' அவருக்கு முன் இருந்தது. ஒரு மண்டிலத்தை 24 சம அலகாகப் பகுத்த பண்டிதர் கொள்கையோடு அடிகள் ஒருப்படவில்லை. 22 என்னும் எண்ணையே அவர் கொண்டார். எவர் கூற்று சரியானது என்பதை இசைவல்லுநர் இன்றும் வாதிப்பர். ஆனால் முன்னோர் நூலை மதித்து முற்றும் வாசித்து அதனின்றும் வேறுபடுவது, வாசியாமலே வேறுபடுவதைப் போன்றதன்று.

ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. பாயிரவியல் தொடங்கி ஒழிபியல் ஈறாக ஏழு இயல்களையுடைய 'யாழ்நூல்' உருப்பெற்றது. பெருநூலாகிய அது, பெரும்பாலும் அந்த 25 அடிகளுக்கு விரிவுரையே என்பதை அடிகளே நூலில் குறிப்பிட்டிருக்கின்றார். கரந்தைத் தமிழ்ச்சங்கத்தின் வெளியீடாக 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆம், 6ஆம் நாள்களிலே திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அது அரங்கேறியது. பல நூற்றாண்டுகளாகப் பெயரளவில் மாத்திரம் வழங்கிய யாழ், அடிகளின் கணக்கின்படி மீண்டும் உருவாக்கப்பட்டு அவையினர் முன் வைக்கப்பட்டது.

அடிகள் கொழும்புக்குத் திரும்பினார். ஜூலை மாதம் 19ஆம் நாள் இந்நகரிலேயே மறைந்தார். அரங்கேற்றத்துக்கும் மறைவுக்கும் இடையிலே 43 நாள்கள். இன்னும் ஓர் ஆதாரம் கிடைக்கட்டும், இன்னும் ஒரு கல்வெட்டைப் பார்த்துவிடுவோம் என்று அந்த நூல் இன்னும் ஓராண்டு தாமதித்திருந்தால், தமிழுலகத்துக்குக் கிடைத்திருப்பது குறிப்பேடுகளின் கட்டு ஒன்றே. அதனை அவிழ்த்துப் பொருள் காண, விஞ்ஞானமும் பண்டிதத் தமிழும் ஒருங்கே கைவந்த வேறொருவர் பிறக்கவேண்டியிருந்திருக்கும்.

அதே 1947ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே, கொழும்பிற் பிறந்த மற்றொரு பேரறிஞராகிய ஆனந்த குமாரசுவாமி அமெரிக்காவிலே காலமானார். அவரும் விஞ்ஞானம் பயின்றவர். புவியியல் ஆய்வாளராக இலங்கையின் கனிப்பொருள் அளவையை நடத்தியவர். பாறை தேடிக் கிராமங்களிலே சுற்றிய பொழுதிலே கம்மாளரையும் சிற்பிகளையும் கண்டு, 1908ஆம் ஆண்டிலே சிங்களக் கலையைப் பற்றி அரிய நூல் ஒன்றை வெளியிட்டார். பின்னாளிலே பொஸ்ரன் நகரத்து அரும்பொருட்காட்சிச்சாலையில் இருந்துகொண்டு, இந்தியச் சிற்பங்களிலே காணப்படும் பழைய வீணை வில்வடிவமான நரம்புக்கருவியே என்று 1930ஆம் ஆண்டிலே அவர் எழுதினார். கொழும்போடு தொடர்புடைய இருவர், ஒருவர் கல்லிலிருந்தும் ஒருவர் செய்யுளிலிருந்தும், ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே வகைக் கருவியைத் தேடிக்கொண்டிருந்தனர்.

சேவியர் தனிநாயக அடிகளின் வரலாறு வாசிப்புப் பொழுதைப் பற்றி வேறொரு செய்தியைச் சொல்லும். 1913ஆம் ஆண்டு ஊர்காவற்றுறைப் பகுதியிலே பிறந்த அவர் கொழும்பிலும் உரோமிலும் குருத்துவக் கல்வி பெற்றார். ஐரோப்பிய மொழிகள் பல அறிந்த அவருக்குத் தமிழிலக்கியத்தோடு ஆழ்ந்த பயிற்சி இருக்கவில்லை. தென்பாண்டி நாட்டிலே வடக்கன்குளத்துப் பாடசாலையில் ஆசிரியராக இருந்த நாளிலே அக்குறையை உணர்ந்து, முப்பது வயதைக் கடந்த பின்பு, 1945ஆம் ஆண்டிலே அண்ணாமலைச் சர்வகலாசாலையிலே மாணவராகச் சேர்ந்தார். காலம் கடந்துவிட்டது என்று சொல்வோர் இதனைச் சிந்திக்கலாம். 1952ஆம் ஆண்டிலே தமிழ்ப்பண்பாட்டை உலகுக்கு உணர்த்தும் ஆங்கில முத்திங்களிதழ் ஒன்றைத் தொடங்கினார். எந்நாட்டுக்குப் பயணம் போனாலும் அந்நாட்டு நூல்நிலையத்திலே தமிழ் ஏடு உண்டா என்று முதலிலே கேட்பது அவர் வழக்கம். வத்திக்கான் நூல்நிலையத்திலே, புரோயென்சா பாதிரியார் தொகுத்து 1679ஆம் ஆண்டிலே அச்சாகிய தமிழ்-போர்த்துக்கேய அகராதியைக் கண்டு, 1966ஆம் ஆண்டிலே கோலாலம்பூரிலிருந்து அதனை மறுபதிப்பாக வெளியிட்டார். அங்கே வேறு அலுவலாகச் சென்றவர்கள் அந்த நூல்நிலையத்தை எத்தனையோ முறை கடந்து போயிருப்பார்கள்.

வாசிப்பவன் குறித்து வைக்காத நூல் எவ்வளவு எளிதாக மறைந்துபோகும் என்பதை 1981ஆம் ஆண்டிலே ஈழத்தமிழர் கண்கூடாகக் கண்டார்கள். மே 31ஆம் நாள் இரவிலே எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூல்நிலையத்திலே ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. அவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாதனவும் இருந்தன. அங்கே அமர்ந்து வாசித்தவர்களின் குறிப்புப் புத்தகங்களிலே எழுதப்பட்டிருந்தவை மாத்திரம், அவ்வவ்வளவிலே பிழைத்தன.

அடியார்க்குநல்லாரையும் இவ்விடத்தில் நினைக்கவேண்டும். அவர் தாம் வாசித்த இசை நூல்களின் பெயரைச் சொல்லி, வேண்டிய இடங்களிலே அவற்றின் சூத்திரங்களையும் உரையில் எடுத்து வைத்தார். அவர் அவ்வாறு செய்திராவிடில், அந்த ஐந்து நூல்களும் ஒருகாலத்தில் இருந்தன என்பதே தெரிந்திராது. விபுலாநந்தர் நின்ற இடத்திலே நிற்பதற்குக் காரணமும் இருந்திராது. அந்த ஐந்தனுள் ஒன்றாகிய பஞ்சமரபு, ஏட்டுவடிவிலே எங்கோ தப்பிக் கிடந்து, 1970களிலே தமிழ்நாட்டில் அச்சேறியது. அடிகள் மறைந்து அப்போது கால் நூற்றாண்டு கடந்திருந்தது. யாழ்நூலையும் பஞ்சமரபையும் அருகருகே வைத்து, அடிகளின் கணக்கு எங்கே பொருந்துகின்றது, எங்கே விலகுகின்றது என்று பார்க்கும் வேலை அதன்பின்பே தொடங்கிற்று.